கறளைச் சுரண்டியவன் சொல்வது

2011இல் கொழும்பில் புறக்கோட்டைப் பக்கம் ஒரு பழஞ்சாமான் கடையில் என் முதல் கண்டிக் கத்தியை வாங்கினேன். ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளம். முதுகு தடித்து, வயிறு சரிந்த அலகு. எருமைக்கொம்புப் பிடி. உறை இல்லை. அலகு முழுக்கக் கறள், அதாவது துரு. கடைக்காரர் பழைய பேப்பரில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டுத் தந்தார்.

நான் பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் அப்போதே பதினைந்து வருடம் நின்றவன். இரும்பைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித் தருவது என்ற திமிர் இருந்தது. அன்றிரவே வெள்ளவத்தை வீட்டுப் பின்பக்கம் குந்தியிருந்து, முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் சாண்ட் பேப்பர், கடைசியில் பித்தளைப் பொலிஷ் என்று இரண்டு மணி நேரம் தேய்த்தேன். காலையில் அம்மா பார்த்துவிட்டு, "இப்பதான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை செட்டியார் தெருவில் நகைப்பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். பாராட்டு வாங்கத்தான் போனேன், வேறெதற்கு? அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வைரம் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் வைத்து, அலகு பிடியோடு சேரும் இடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இதை எதாலை தேய்ச்சனீங்கள் அண்ணை?"

சொன்னேன். அவர் லென்ஸை என்னிடம் தந்தார். அலகின் அடியில், விரல் அகலத்துக்கு, கொடியும் இலையுமாக ஒரு வேலைப்பாடு. சிங்களத்தில் லியவெல என்பார்கள். உளியால் வெட்டிய கோடுகளின் ஓரம் எல்லாம் மழுங்கி, பாதி இடத்தில் வெறும் பள்ளம் மட்டும் தெரிந்தது. ஒரு மூலையில் மயிர் அளவுக்கு வெள்ளிக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற இடத்தில் இருந்த வெள்ளி எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை. அது என் சாண்ட் பேப்பரில் போயிருந்தது.

கண்டி அரசருக்கு வேலை செய்த கைவினைஞர்களின் பட்டறைகளை பட்டல் ஹதர என்பார்கள், நான்கு பட்டறைகள் என்று அர்த்தம். நல்ல பிஹா கெத்த, அதாவது இந்த மாதிரிக் கத்தி, அந்த மரபில் வந்தது. சிலவற்றுக்கு ஒரே உறையில் கத்தியோடு ஓர் எழுத்தாணியும் இருக்கும். ஓலையில் எழுத வேண்டியவன் இடுப்பில் இரண்டையும் செருகிக்கொண்டு போவான். நம்முடைய மடக்கெழுத்தாணியிலும் ஒரு பக்கம் கத்தி, மறுபக்கம் எழுத்தாணி இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். என் கத்தி எந்தப் பட்டறையில் பிறந்ததோ தெரியாது. அதைச் சொல்லியிருக்கக்கூடிய இடத்தை நானே வழித்துவிட்டேன்.

அன்று நண்பர் சொல்லித் தந்ததைத்தான் இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்கிறேன். கறளில் இரண்டு வகை. விரலால் தொட்டால் தூளாக ஒட்டும் சிவப்புக் கறள் இன்னும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. அதை நிறுத்த வேண்டும். கறுத்து, தோல் மாதிரி இறுகிக் கிடப்பது வேறு. அது அந்தக் கத்தியின் வயது. அதில் கை வைக்கக் கூடாது. சிவப்புக்கு மெல்லிய மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து வைத்து, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, மூங்கில் சீவலால் அல்லது செப்புத் துண்டால் மெதுவாகத் தள்ளிப் பார்க்கலாம். செப்பு உருக்கைவிட மெது, அதனால் கீறாது. பொறுமை இல்லாவிட்டால் எண்ணெய் மட்டும் பூசி வைத்துவிடுங்கள். கத்தி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

சரி, அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு விதை. நகைப்பட்டறை நண்பர், சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு சிங்கள ஆசிரியர் (எல்லாருக்கும் அவர் சேர்), கொம்பனித்தெருவிலிருந்து வரும் ஒரு மலே அங்கிள், நான். மாதத்தில் ஒரு ஞாயிறு என் வீட்டு மேல்மாடியில் கூடுவோம். ஒருவர் ஒரு சாமானைக் கொண்டுவருவார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதை வைப்போம். பத்து நிமிடம் யாரும் காலத்தைச் சொல்லக் கூடாது என்பது சேர் போட்ட சட்டம். "இது பதினெட்டாம் நூற்றாண்டு" என்று ஒருவர் முதலில் வாய்விட்டால், மற்ற மூன்று பேரின் கண்ணும் பதினெட்டாம் நூற்றாண்டைத்தான் பார்க்கும் என்பார். முதலில் நீளம், அகலம், நிறை, முதுகின் தடிப்பு. அப்புறம் பிடி எப்படி மாட்டப்பட்டிருக்கிறது. வேலைப்பாடு கடைசியில்தான். ஏனென்றால் ஏமாற்றுகிறவன் காசு செலவழிப்பது வேலைப்பாட்டில்.

வார்ப்பா வெட்டா என்று பார்ப்பதை நகைப்பட்டறைக்காரரிடம்தான் படித்தேன். உளியால் வெட்டிய கோட்டின் அடியில் உளி நின்று நின்று போன படிகள் தெரியும். இரண்டு இலையும் ஒரே மாதிரி இருக்காது. வார்த்ததில் மூலைகள் உருண்டு, பள்ளங்களுக்குள் குண்டூசி முனை அளவுக்குக் காற்றுக்குமிழித் துளைகள் இருக்கும். பக்கவாட்டில் அச்சின் மூட்டுக்கோடு தெரிந்தால் பேச்சே இல்லை.

ஒருமுறை நண்பரின் தெரிந்தவர் ஒருவர் ஒரு கஸ்தானே கொண்டுவந்தார். நம் தேசியக் கொடியில் சிங்கம் பிடித்திருக்கிறதே, அந்த வாள்தான். குட்டையாய் வளைந்த அலகு, பிடியின் முனையில் சிங்கத்தலை, கைகாப்பில் இன்னும் சில தலைகள். சண்டைக்கு என்பதைவிடப் பதவியைக் காட்டுவதற்கென்றே முதலியார்மார் என்ற காலனிக்கால உள்ளூர் அதிகாரிகள் அணிந்தது. அலகு பல சமயம் ஐரோப்பாவிலிருந்து வந்ததாக இருக்கும். டச்சுக் கம்பனியின் விஓசி முத்திரையும் ஆண்டும் பொறித்த அலகுகள் உண்டு. இவர் கொண்டுவந்ததிலும் விஓசி இருந்தது. கீழே 1812 என்று ஆண்டு. சேர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பிளேன்டீ கேட்டார். கம்பனி 1799 முடிவோடு கலைந்துபோனது. பதின்மூன்று வருடம் கழித்து யார் முத்திரை குத்தினார்கள்? வந்தவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. முழுச் சம்பளத்தைக் கொடுத்திருந்தாராம்.

இன்னொன்று கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தது. அந்த வீட்டுத் தாத்தா மலாயன் பென்சனியர், அதாவது மலாயாவில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது சிங்கப்பூரிலிருந்து ஒரு ஜப்பான் வாளைக் கொண்டுவந்திருக்கிறார். சாமுராய் வாள், நானூறு வருடப் பழசு என்று மூன்று தலைமுறையாகக் குடும்பக் கதை. பேரப்பிள்ளை அதைப் பட்டுத்துணியில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தான். துணியை அவிழ்த்ததுமே எங்கள் நான்கு பேருக்கும் தெரிந்துவிட்டது. பிடியில் கயிறு சுற்றியதுபோல இருந்தது கயிறு இல்லை, அலுமினியத்தில் வார்த்து மேலே பெயின்ட் அடித்தது. அலகில் இயந்திரம் குத்திய தொடர் இலக்கம். 1935இல் ஜப்பான் இராணுவம் தன் சார்ஜன்ட்மாருக்காகத் தொழிற்சாலையில் செய்விக்கத் தொடங்கிய மாதிரி அது. ஜப்பானில் பொது இடத்தில் வாள் அணிவதையே 1876இல் தடைசெய்துவிட்டார்கள்.

எப்படிச் சொல்வது? நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிள் கேட்டார்: "மகன், தாத்தா மலாயாவில எந்த ஊரில இருந்தவர்?" பையன் கோலாலம்பூரில் தாத்தா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தது, ஜப்பான்காரன் வந்தது, மரவள்ளிக்கிழங்கு தின்றது எல்லாவற்றையும் சொன்னான். அரை மணி நேரம் போனது. அதற்குப் பிறகு அங்கிள் இலக்கத்தைக் காட்டி, "இது அந்த யுத்தத்தின்ட வாள். உங்கட தாத்தா கண்ட யுத்தம்" என்றார். பையன் அந்த இலக்கத்தைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டான். நானாக இருந்தால் போலி என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். அது பொய்யாகவும் இருந்திருக்கும். அது போலியே இல்லை, கதைதான் வேறு.

அந்த மாதிரி வாளாக இல்லாமல் உண்மையான பழைய ஜப்பான் வாள் கையில் வந்தால், பிடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதியை எக்காரணம் கொண்டும் துலக்காதீர்கள். செய்தவனின் கையெழுத்து இருந்தால் அங்கேதான் இருக்கும். அங்கே படிந்த கறளின் நிறத்தைப் பார்த்தே ஜப்பான்காரர் காலம் கணிப்பார்கள். என் முதல் கத்தியை நினைக்கும்போதெல்லாம் இது எனக்கு வயிற்றெரிச்சல்.

கொழும்புக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல். யன்னல் கம்பியே மூன்று வருடத்தில் உதிர்கிறது. ஈரத்தோடு உப்பு. முதலில் நான் எல்லாவற்றையும் தோல் உறைக்குள் போட்டு, அலுமாரியில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன். ஆறு மாதத்தில் திறந்தால் உறைக்குள் இருந்த பகுதி மட்டும் சிவந்திருந்தது. தோல் ஈரத்தைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இப்போது உறை வேறாக, அலகு வேறாக. சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்து வைக்கிறேன், எங்கள் கடைப் பையன்களே கொண்டுவந்து தருவார்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும், பிறகு பிசினாகித் தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும். ஜப்பான்காரர் தங்கள் வாளுக்குப் பூசும் எண்ணெயில் கராம்பு வாசம் வரும். மாத்தளைக் கராம்பை இரண்டு துளி எண்ணெயாக விட்டு நானும் செய்து பார்த்தேன். கறளுக்கு அது கூடுதலாக என்ன செய்கிறதோ, அலுமாரியைத் திறந்தால் புரியாணி வாசம் வருகிறது.

வெறும் கையால் அலகைத் தொடாதீர்கள். சேர் ஒருநாள் பேச்சு மும்முரத்தில் என் கத்தியின் கன்னத்தில் பெருவிரலை அழுத்திவிட்டார். துடைக்க மறந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் அவருடைய ரேகை கறளாக எழும்பி நின்றது, சுழி உட்பட. இப்போதும் இருக்கிறது. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

2019.

ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் வழக்கத்துக்கு மாறான பெரிய கத்திகளையும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி அறிவித்தார்கள். டிவியில் ஒவ்வொரு இரவும் கைப்பற்றிய வாள்களை வரிசையாக அடுக்கிக் காட்டினார்கள். தொண்ணூறுகளில் கொழும்பில் தமிழ் இளைஞனாக இருந்தவனுக்கு அந்த நாட்களில் உடம்பு தானாகவே பழையபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்ப்பது, வீட்டில் என்ன இருக்கிறது என்று மனதுக்குள் கணக்கெடுப்பது. அம்மா அலுமாரிக்கு முன்னால் நின்று, "உந்தக் கருமத்தை எல்லாம் இண்டைக்கே கொண்டுபோய்க் குடு" என்றார். அங்கிளின் நிலை என்னைவிட மோசம். அவர் முஸ்லிம், வாள் வைத்திருப்பவர், கொம்பனித்தெருக்காரர். போனில் பேசும்போது வாள் என்ற சொல்லையே நாங்கள் தவிர்த்தோம். "சாமான்" என்றோம். அது இன்னும் சந்தேகமாகக் கேட்டது.

மூன்றைக் கொடுத்தேன். வட்டத்தட்டுப் பிடி வைத்த ஒரு ராஜஸ்தான் தல்வார் வாள். அப்பப்பாவின் காட்டுக்கத்தி. அப்புறம் ஒரு கட்டாரி. எச் எழுத்துப் பிடியோடு, கையை மூடும் படகுப்பாய் போன்ற தகடு வைத்த, தஞ்சாவூர்ப் பக்கத்து மாதிரி. அந்த மாதிரிக் கட்டாரிகளில் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய வாள்களின் அலகை வெட்டிப் பொருத்துவது வழக்கம். என்னுடையதும் அப்படித்தான் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அலகில் நீளக் காடிகள், அதாவது பள்ளக்கோடுகள் இருந்தன. மேசையில் இருந்தவர் "கத்தி 1, வாள் 2" என்று எழுதினார். கட்டாரியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று ஒருமுறை திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான். ரசீது கேட்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. பிறகு போய்க் கேட்டபோது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்த மனிதரில் எனக்குக் கோபமில்லை. ஊர் அப்படி இருந்தது. கோபம் என்னில். எட்டு வருடம் கையில் இருந்த கட்டாரியை நான் ஒரு படம் எடுக்கவில்லை. அளக்கவில்லை. இன்றைக்கு யாராவது அந்தக் காடிகள் இரண்டா மூன்றா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. கண்ணை மூடினால் சில நாள் இரண்டாகத் தெரியும், சில நாள் மூன்றாக.

அதற்குப் பிறகுதான் கொப்பி வந்தது. சாதாரண சீஆர் கொப்பி. ஒரு சாமானுக்கு இரண்டு பக்கம். நீளம், நிறை, முதுகின் தடிப்பு அடியிலும் நடுவிலும், காடி எத்தனை, பிடியில் ஆணி எத்தனை, எங்கே எப்போது யாரிடம் வாங்கினேன், அவர் யாரிடம் வாங்கியதாகச் சொன்னார், எத்தனை ரூபா. நேர்ப்படம், பக்கப்படம், முதுகுப்படம், அளவுகோலை அருகில் வைத்து. கடைச் சிட்டை இல்லாவிட்டால் விற்றவரிடம் ஒரு துண்டிலாவது எழுதி வாங்குகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் நான் வாங்குவதில்லை. களவுச் சாமானோ, புதையல் தோண்டியதோ, யார் கண்டது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றை ஒரு கோடாக எடுத்துக்கொள்கிறது. கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர் கையில் கொடுத்த கண்டி ஒப்பந்தத்தின் நாள் அது. பழைய கத்தியைத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. டொரன்டோவில் இருக்கும் மச்சான் ஒவ்வொரு முறையும், "சூட்கேஸுக்குள்ள வச்சா ஆருக்குத் தெரியும்?" என்பான். எக்ஸ்ரேக்குத் தெரியும். யானைத்தந்தப் பிடியென்றால் இன்னும் சிக்கல். 2016 ஜனவரியில் காலிமுகத்திடலில் கைப்பற்றிய 359 தந்தங்களை இயந்திரத்தில் போட்டு நொறுக்கினார்கள், நானும் கூட்டத்தில் நின்று பார்த்தேன். தந்தப் பிடி விற்க வருகிறவரை அன்றிலிருந்து வாசலிலேயே திருப்பி அனுப்புகிறேன்.

எங்கள் கூட்டத்தில் கத்தியைவிட அதிகம் சண்டை பிடித்தது ஒரு சொல்லைப் பற்றி. என் கடையில் தினமும் நூறு தரம் சொல்லும் சொல்: உருக்கு. வெள்ளைக்காரன் வூட்ஸ் என்று எழுதிவைத்தது தென்னிந்தியாவிலிருந்து போன உருக்கைத்தான், கன்னடத்தில் அது உக்கு. மூசை என்ற மண்குடுவைக்குள் இரும்பையும் கரியையும் அடைத்து உருக்கி எடுத்த கட்டி. அரபு நாட்டு அல்கிந்தி ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களை வகைபிரித்தபோது சரந்தீப் என்று நம் தீவின் பெயரையும் சொல்லியிருக்கிறார். நண்பர் உடனே, "அது சமனலவெவவில ஊதினது" என்றார். சேர் மேசையைத் தட்டினார். சமனலவெவ வேறு. பலாங்கொடைப் பக்கத்து அந்த மலைச்சரிவுகளில் இருந்தவை காற்றில் எரிந்த அடுப்புகள். தென்மேல் பருவக்காற்று மலைமுகட்டில் மோதும் இடமாகப் பார்த்துக் கட்டி, துருத்தியே இல்லாமல் இரும்பு எடுத்திருக்கிறார்கள், ஏழாம் நூற்றாண்டிலிருந்து பதினொராம் நூற்றாண்டு வரை. கில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் அங்கே அகழ்ந்து, தானே அப்படி அடுப்புக் கட்டி உருக்கிப் பார்த்து, 1996இல் எழுதினார். மூசை உருக்கு அதோடு சேர்த்துக் குழப்பக் கூடாத தனிக்கதை. அந்த வேலையின் கடைசி ஆட்களை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்த்துப் பதிந்தவர் ஆனந்த குமாரசுவாமி, இதே கொழும்பில் தமிழ்த் தகப்பனுக்குப் பிறந்தவர், அப்போது அரசின் கனிப்பொருள் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவர்.

"அப்ப உங்கட கடையில விக்கிறது?" என்று அங்கிள் என்னைக் கேட்டார். "அது லொறி ஸ்பிரிங்" என்றேன். உண்மையும் அதுதான். இன்று சந்தையில் வரும் 'பழைய' வாள்களில் பாதி பழைய லொறி ஸ்பிரிங். அசிட்டால் மேலே நீரோட்டக் கோலம் போட்டு விற்பார்கள். லென்ஸில் பார்த்தால் ஒரே வளைவு திரும்பத் திரும்ப வரும், சீத்தைத் துணியின் அச்சு மாதிரி.

2023 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்திலிருந்து ஆறு பொருட்கள் கொழும்பு தேசிய நூதனசாலைக்குத் திரும்பி வந்தன. 1765இல் டச்சுக்காரர் கண்டிக்குள் புகுந்தபோது எடுத்துப்போனவை. எல்லாரும் லெவ்கே என்ற கண்டிப் பிரதானியின் பீரங்கியைத்தான் பேசினார்கள். எங்கள் நால்வருக்கும் அவற்றில் இருந்த ஒரு கத்திதான் பேச்சு. அதன் அலகு தேயாமல் திரும்பி வந்திருக்கிறது என்று நான் சொன்னபோது நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அங்கிளிடம் ஒரு கிரிஸ் இருக்கிறது, பாம்புபோல நெளிந்த மலே குத்துவாள். அவருடைய முப்பாட்டனார் ஆங்கிலேயரின் இலங்கை ரைபிள் ரெஜிமென்டில் சிப்பாய், 1873இல் அந்தப் படையைக் கலைத்த பிறகு குடும்பம் கொம்பனித்தெருவோடு தங்கிவிட்டது. கிரிஸ் அதற்கும் முந்தியது என்பார். ஏழு வளைவு. வளைவு எப்போதும் ஒற்றைப்படைதான், இரட்டையில் வந்தால் எண்ணியது பிழை. சேர் ஒருமுறை எட்டு என்று எண்ணி அவமானப்பட்டார். கறுத்த இரும்பில் நிக்கல் கலந்த வெள்ளைக் கோடுகள் மழைநீர் போல ஓடும். அந்த நிறத்தை எழுப்ப ஜாவாவில் தேசிக்காய்ச் சாற்றோடு ஆர்சனிக் கல்லை அரைத்துப் பூசுவார்கள். ஆகவே கிரிஸைத் தொட்ட கையை வாயில் வைக்காதீர்கள். பிடியை ஒருபோதும் முறுக்கி இழுக்காதீர்கள். உள்ளே துணி சுற்றி இறுக்கி வைத்திருக்கிறார்கள், வேறு பிடிமானம் கிடையாது.

2019 மே மாதம் அவர் அதை எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு தரம் விலைக்குக் கேட்டேன். முதல் தரம் சிரித்தார். இரண்டாம் தரம், "தம்பி, இது என்ட இல்லையே" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் கொப்பியில் அதற்கு மட்டும் ஆறு பக்கம் இருக்கிறது.

போன வருடம் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. நோன்புப் பெருநாளுக்கு முதல் வாரம் கூப்பிட்டார். உறையை இடது கையில் நேராகப் பிடித்து, அலகிலிருந்து உறையைத்தான் விலக்க வேண்டும், அலகை இழுக்கக் கூடாது என்று காட்டினார். நெற்றியில் ஒருதரம் தொட்டுவிட்டு என்னிடம் தந்தார். சந்தன எண்ணெய்ப் போத்தல், பழைய பருத்திச் சாரத்துண்டு. அடியிலிருந்து நுனிக்கு, ஒவ்வொரு வளைவாக. நான் துடைக்க அவர் பக்கத்தில் இருந்து எண்ணினார். நுனிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. நான் அவரைப் பார்த்தேன்.

"எண்ணெய் மட்டும்" என்றார். "நீங்க பழைய ஆள்."